சக்கரம் மாட்டுவதும் சங்கத்தின் காரியமே

நெய்த துணியும் விளைந்த பண்டமும் சந்தையைச் சென்றடைந்தாலன்றிப் பணமாவதில்லை. தறிக்கும் களத்துக்கும் அப்பால் நம் உழைப்பு முழுவதும் லாரியின் முதுகில் ஏறியே பிரயாணம் செய்கிறது. ஆயினும் நம் சங்கங்களின் கூட்டங்களில் நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம். தள்ளுபடியைப் பற்றிப் பேசுகிறோம். கடன் பாக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த லாரியின் சக்கரத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசியதாக நமக்கு நினைவில்லை. “வாடகை வண்டிதானே, சக்கரம் வண்டிக்காரர் பொறுப்பு” என்று விட்டுவிடுகிறோம். இந்த எண்ணம் தவறானது என்பதும், பழுதான சக்கரத்தை மாற்றி மாட்டும் முறை சங்கங்கள் கவனிக்க வேண்டிய காரியமே என்பதும் நம் கருத்து. அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நம் ஊர்ச் சாலைகளை நோக்குவோம். விருதுநகர்ச் சந்தைக்குக் கரிசல் காட்டிலிருந்து மிளகாயும் மல்லியும் பருத்தியும் பருப்பு வகைகளும் வருகின்றன. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் நெய்த சேலைகளும் வேட்டிகளும் கட்டுக் கட்டாக வெளியூர் செல்கின்றன. இராஜபாளையத்து ஆலைகளிலிருந்து நூல் வருகிறது. சிவகாசியிலிருந்து தீப்பெட்டியும், நாள்காட்டியும், நாடெங்கும் கொண்டாடும் தீபாவளிக்கான பட்டாசும் புறப்படுகின்றன. முன்னர் 7 என்னும் எண்ணைத் தாங்கி இப்போது 44 என்று வழங்கும் தேசிய நெடுஞ்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுச் செல்கிறது. அச்சாலைகளின் ஓரத்தில் விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் பெண்கள் நடக்கிறார்கள்; பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஆக, லாரிச் சக்கரம் ஒன்று கழன்று ஓடுமாயின் அது ஓடும் வழியில் நிற்பவர்கள் நம் அங்கத்தினர்களும் அவர்தம் மக்களுமே.

சக்கரம் கழன்று ஓடுவது அபூர்வமன்றோ என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனில் போக்குவரத்துத் துறைக்காக 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, அந்நாட்டில் ஆண்டுதோறும் 150 முதல் 400 வரை கனரக வாகனங்களின் சக்கரங்கள் கழல்கின்றன என்றும், அவற்றால் 3 முதல் 7 வரை உயிரிழப்பு விபத்துகள் நேர்கின்றன என்றும் மதிப்பிட்டது. நல்ல சாலையும், முறையான பரிசோதனையும், தேர்ந்த தொழிலாளரும் உள்ள நாட்டிலேயே இந்நிலை. டயரோடு கூடிய லாரிச் சக்கரம் ஒன்று ஏறத்தாழ 100 கிலோ எடை உடையது. வண்டியின் வேகத்தோடு கழன்றால் அது தனியே முன்னேறிச் செல்லும். தடுக்க எவராலும் இயலாது. கழன்ற இடத்தில் வண்டியின் இரும்பு தாரில் உரசித் தீப்பொறி பறக்கும். பின்னால் இருப்பது மிளகாய் மூட்டையாயின் நஷ்டத்தோடு போகலாம். பட்டாசுப் பெட்டியாயின் என்ன ஆகும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கேட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பின் குற்றம் அன்று. சென்னையை அடுத்த பாடியில் வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் பாஸ்னர்ஸும் 1960களிலேயே தோன்றின. சக்கரமும் போல்ட்டும் நம் தமிழ்நாட்டிலேயே நல்ல தரத்தில் செய்யப்படுகின்றன. செய்வதில் உள்ள ஒழுங்கு மாட்டுவதில் இல்லாமற் போவதே குறை.

நட்டின் வேலை யாது என்பதை நெசவாளர்கள் எளிதில் உணரலாம். பாவு தொய்ந்திருந்தால் துணி நன்றாக அமையாது. அளவுக்கு மீறி விறைத்திருந்தால் இழை அறும். எல்லா இழைகளும் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். சக்கரத்தின் போல்ட்டும் அவ்வாறே. நட்டை முறுக்கும்போது போல்ட்டு மயிரிழையளவு நீள்கிறது. நீண்டது தன் பழைய அளவுக்குச் சுருங்க முயல்கிறது. அந்தச் சுருக்கமே சக்கரத்தின் டிஸ்க்கை ஹப் என்னும் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. இரு இரும்பு முகங்களும் ஒன்றையொன்று கவ்விக் கொள்வதனால்தான் பாரம் தாங்கப்படுகிறது. நட்டு தளர்ந்தால் கவ்வுதல் போய்விடும். டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது அசையும். போல்ட்டு ஒவ்வொரு சுற்றிலும் வளையும். லாரிச் சக்கரம் ஒரு கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 300 முறை சுற்றுகிறது. 80 கிலோ மீட்டரில் 24,000 முறை. ஒரு கம்பியை இருபுறமும் மடக்கி மடக்கி ஒடிப்பதை நாம் அறிவோம். போல்ட்டுக்கு நேர்வதும் அதுவே. ஒன்று ஒடிந்தால் அதன் சுமை அடுத்ததன் மேல் விழும். பின்னர் ஒவ்வொன்றாக ஒடியும்.

ஆகையால் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. 22 மில்லி மீட்டர் போல்ட்டும், தட்டையான அடிப்பாகமுள்ள நட்டும், குடத்தின்மேல் சக்கரம் அமரும் அமைப்பும் உள்ள லாரிகளுக்குப் பொதுவாக 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை அளவு கூறப்படுகிறது. வண்டிக்கு வண்டி இது மாறும். தயாரித்த கம்பெனியின் கைப்புத்தகம் கூறுவதே முடிவான அளவு. நம் சாலையோரங்களில் நடப்பது யாது? வீல் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி அதன் நுனியில் ஒருவர் ஏறி நிற்கிறார். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மீட்டர் தூரத்தில் அசையாமல் நின்றால் ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். குழாய் ஒன்றரை மீட்டராயின் அது 880 ஆகிவிடும். குதித்தால் இன்னும் எவ்வளவோ மிகும். குழாய் மாறினால் அளவு மாறுகிறது. ஆள் மாறினால் அளவு மாறுகிறது. களைத்துப் போன இரவில் இன்னும் மாறுகிறது. ஒரே சக்கரத்தின் பத்து நட்டுகளும் பத்து விதமாக நிற்கின்றன. காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் முடுக்கிவிடுவதும் இதனினும் மேலானதன்று. அளவுக்கு மீறிய முறுக்கினால் போல்ட்டு நிரந்தரமாக நீண்டு தன் பிடிப்பை இழக்கிறது. அன்று கெட்டியாகத் தோன்றியது அடுத்த வாரம் ஒடிகிறது. தராசில்லாமல் பருத்தி எடை போட நாம் ஒப்புவோமா? அளவில்லாமல் நட்டு முறுக்குவதை மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

இதற்கென டார்க் ரெஞ்சு என்னும் ஸ்பானர் உண்டு. வேண்டிய அளவைக் குறித்து வைத்து முறுக்கினால், அவ்வளவை எட்டியதும் அது ‘டக்’ என்று ஒலித்து அறிவிக்கும். சக்கரம் மாட்டும் முறையும் கடினமன்று. வண்டி அசையாதபடி கட்டை கொடுத்துச் சமதரையில் ஜாக்கி வைக்க வேண்டும். குடம், டிஸ்க், நட்டு அமரும் இடம் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் நீக்க வேண்டும். நட்டுகளைக் கையால் திருகி உட்கார வைத்து, வட்டமாகச் சுற்றி வராமல் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முதலில் இலேசாகவும், பின்னர் முழு அளவுக்கும் முறுக்க வேண்டும். தட்டை நட்டுகளுக்குப் போல்ட்டின் மரையிலும், நட்டுக்கும் அதன் வளையத்துக்கும் இடையிலும் ஓரிரு சொட்டு எண்ணெய் விடுவர். டிஸ்க் முகத்தில் எண்ணெய் படலாகாது. கூம்பு வடிவ நட்டுள்ள பழைய அமைப்பில் எண்ணெயே கூடாது. அவ்வமைப்பில் பின்புற இரட்டைச் சக்கரத்தின் உள்நட்டை இறுக்க வேண்டுமாயின், வெளிநட்டைத் தளர்த்திய பிறகே இறுக்க வேண்டும். அன்றேல் உள்ளே தளர்ந்திருப்பது வெளியே தெரியாமலே போகும்.

மாற்றுச் சக்கரம் வாங்குகையிலும் கவனம் வேண்டும். துளைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். துளைவட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, டிஸ்க்கின் தடிப்பு, தாங்கும் பாரம் ஆகிய அனைத்தும் ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, கூம்பு நட்டுக்கெனக் குழிவாகச் செய்த துளையில் தட்டை நட்டையும், தட்டைத் துளையில் கூம்பு நட்டையும் மாட்டலாகாது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று மாட்டும் சக்கரம், நட்டு எவ்வளவு கெட்டியாயினும் அமராது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்த சக்கரத்தையும், விரிசல் கண்டு பற்றவைத்த சக்கரத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். ஒரு போல்ட்டு ஒடிந்திருந்தால் அதனோடு இருபுறமும் உள்ள இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் ஒடிந்திருந்தால் அச்சக்கரத்தின் எல்லாப் போல்ட்டுகளையும் மாற்றுவதே முறை. லாக் ரிங் வைத்த ரிம்மாயின், பஞ்சரான சக்கரத்தைக் கழற்றுமுன் அதிலும் அதன் ஜோடிச் சக்கரத்திலும் உள்ள காற்றை முழுதும் இறக்கிவிட வேண்டும். காற்றோடு தெறிக்கும் வளையம் உயிரைக் குடிக்க வல்லது.

நம் ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு முன்னரும், தகுதிச் சான்று புதுப்பிக்கும் முன்னரும் சக்கரங்களுக்குப் புது வர்ணம் பூசுகிறோம். பூஜையில் நமக்குக் குறையில்லை. கருவியை மதிக்கும் நல்ல வழக்கம் அது. ஆனால் டிஸ்க்கின் உள்முகத்திலும் நட்டு அமரும் இடத்திலும் தடிப்பாகப் பூசிய வர்ணம் சில நாள் ஓட்டத்தில் நசுங்கிப் போகிறது. வர்ணம் இருந்த இடத்தில் இடைவெளி தோன்றி நட்டு தளர்கிறது. வெளியில் அழகுக்காகப் பூசுவோம். இரும்பும் இரும்பும் சேரும் முகங்களை விட்டுவிடுவோம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கும் கை, நட்டையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.

இனி நாம் தலையாயதாகக் கருதும் விஷயத்துக்கு வருவோம். முறையாக மாட்டிய சக்கரமும் ஓடத் தொடங்கியதும் சிறிது அமர்ந்து கொள்கிறது. துருத்துகளும் வர்ணமும் நசுங்குகின்றன, பிடிப்பு குறைகிறது. எனவே ஒரு முறை முறுக்கினால் போதாது. மாட்டிய பின் 30 நிமிடம் கழித்தோ, 40 முதல் 80 கிலோ மீட்டர் ஓடிய பின்னரோ மீண்டும் அளவு பார்த்து இறுக்க வேண்டும் என்பது பிரிட்டனில் கூறும் முறை. அமெரிக்காவில் 80 முதல் 160 கிலோ மீட்டருக்குள் என்பர். சிவகாசியில் மாட்டிய சக்கரம் திருமங்கலத்தை அடையும்போது ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் ஓடியிருக்கும். மதுரையைத் தாண்டுமுன் அது மறுபடி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் இந்த இரண்டாவது முறுக்குத்தான் விட்டுப் போகிறது.

ஏன் விட்டுப் போகிறது? டிரைவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமன்று. பட்டறைக்காரர் மாட்டியதோடு தம் வேலை முடிந்தது என்கிறார். சொந்தக்காரர் வண்டி எப்போது போய்ச் சேரும் என்று தொலைபேசியில் கேட்கிறார். சரக்கு அனுப்பியவர்களாகிய நாமோ சந்தை நேரத்துக்கு வராவிட்டால் வாடகையில் பிடித்தம் செய்வோம் என்கிறோம். நடுச்சாலையில் அரைமணி நேரம் நிறுத்தி நட்டு இறுக்குவதற்கு அந்த டிரைவருக்கு எவர் கூலி தருகிறார்? எவரும் தருவதில்லை. செய்தால் ஊதியமில்லை, செய்யாமற் போனால் கேட்பாரில்லை. அத்தகைய வேலை எப்படி நடைபெறும்?

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் கழன்ற லாரிச் சக்கரங்களால் உயிர்கள் பறிபோனதன் விளைவாக 1997 ஆம் ஆண்டில் ஒரு கடுமையான சட்டம் பிறந்தது. சக்கரம் கழன்றால் வண்டியை நடத்துவோர், “யாம் வேண்டிய கவனம் எடுத்துக் கொண்டோம்” என்று சொல்லித் தப்ப முடியாது. 2,000 டாலர் முதல் 50,000 டாலர் வரை அபராதம் உண்டு. அச்சட்டத்தின் கண்டிப்பை நாம் மெச்சுகிறோம். ஆனால் தண்டனை மட்டும் போதும் என்று நாம் கருதவில்லை. அது வண்டிக்காரரைத் தண்டிக்கும். அவரை அவசரப்படுத்திய சரக்குக்காரரைத் தண்டியாது. கூட்டுறவாளராகிய நாம் பிறர்மேல் சுமையை ஏற்றிவிட்டுக் கைகழுவும் வழக்கத்தை எதிர்த்தே சங்கம் அமைத்தோம். அந்த வழக்கத்தை நாமே டிரைவர்மேல் காட்டலாகுமா?

எனவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து நல்ல டார்க் ரெஞ்சு ஒன்றிரண்டு வாங்கிப் பண்டகசாலையில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒற்றை லாரி உடையவருக்கு அது வீண் செலவாகத் தோன்றும். தனித்தனியே சாயச்சாலை வைக்க இயலாத நெசவாளர் ஒன்றுகூடி வைக்கவில்லையா? மருந்து தெளிக்கும் கருவியைச் சங்கத்தில் வாங்கி முறை வைத்து உழவர் பயன்படுத்தவில்லையா? நெடுந்தூரம் செல்லும் வண்டிக்கு முன்பணம் பெற்றுக் கொண்டு அதை உடன் அனுப்பலாம். அதன் அளவு சரியாக உள்ளதா என்பதை ஆண்டுக்கொரு முறை சோதிக்கவும் வேண்டும். கெட்டுப்போன தராசு தராசின்மையினும் கேடு.

இரண்டாவது, சக்கரம் மாற்றிய வண்டியின் ஸ்டீயரிங்கில் ஓர் அட்டை தொங்க வேண்டும். எந்தச் சக்கரம், எந்த நாள், மீட்டர் எவ்வளவு காட்டியது, எந்த அளவில் மறுபடி இறுக்க வேண்டும், இறுக்கியவர் யார் என்பன அதில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, சரக்கு ஏற்றுமுன் நம் பண்டகசாலைப் பணியாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து வழியும் துருக்கோடு, நட்டைச் சுற்றிய பளபளப்பு, நட்டில்லாத போல்ட்டு ஆகியவை தளர்வின் அடையாளங்கள். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில் பெரும்பாலும் இடப்பக்கப் பின்சக்கரங்களே கழல்வதாகக் கண்டிருக்கின்றனர். ஆதலால் அங்கே முதலில் பார்க்கட்டும்.

நான்காவதே முக்கியமானது. இரண்டாவது முறுக்குக்கு ஆகும் அரைமணி நேரத்தைச் சங்கம் தன் கணக்கில் ஏற்க வேண்டும். அந்தத் தாமதத்துக்காக வாடகையில் பிடித்தம் கூடாது. அந்த வேலைக்கு ஒரு சிறு படியும் தர வேண்டும். இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழும். “நாற்பது ஆண்டு ஓட்டியவரின் கைக்கு அளவு தெரியாதா?” என்பர். அனுபவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அனுபவமுள்ள நெசவாளரும் முழக்கோலை விடுவதில்லை. “சங்கத்தின் லாபமே சொற்பம், இதற்கு வேறு செலவா?” என்றும் கேட்பர். ஒரு லோடு பருத்தி சாலையில் கவிழ்ந்தால் ஆகும் நஷ்டத்தோடு அச்செலவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நஷ்டத்தைக் காப்புறுதி தரும். சாலையோரம் நடந்து சென்ற ஒரு பெண்ணின் உயிரை எது தரும்?

மாட்டுவண்டிக் காலத்தில் புறப்படுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்க்காத வண்டிக்காரர் இல்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழி அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது. வண்டியின் வேகம் கூடியது, பாரம் கூடியது, ஒரு கடையாணியின் இடத்தில் பத்து நட்டுகள் வந்தன. தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் குறைந்தது. வரும் தீபாவளிச் சரக்குக் காலம் தொடங்குமுன், விருதுநகர் மாவட்டத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் நிர்வாகக் குழுவில் இந்நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். அங்கத்தினர்களும் அடுத்த மகாசபையில், “நம் லாரிகளில் இரண்டாவது முறுக்கு நடைபெறுகிறதா?” என்று எழுந்து கேட்பார்களாக.